உகந்தை முதல் மாணிக்க கங்கை வரை: ஒரு காட்டுவழியின் வரலாறு

ஈழநாட்டின் படத்தை விரித்து, அதன் தென்கீழ் மூலையைச் சற்று உற்று நோக்குங்கள். பொத்துவிலுக்குத் தெற்கே ஊர்ப்பெயர்கள் திடீரென்று அருகிவிடுகின்றன. பாணமை என்று ஒரு பெயர், பின் உகந்தை, பின் கூமுனை. அதற்கப்பால் பச்சை நிறம் ஒன்றே படர்ந்து கிடக்கிறது. அப்பச்சையை ஊடறுத்து மலையிலிருந்து கடலை நோக்கி ஆறுகள் சில நீல நரம்புகள் போல் இறங்குகின்றன. ஹெடா ஓயா, வில ஓயா, கும்புக்கன் ஓயா, மாணிக்க கங்கை, அப்பால் கிரிந்தி ஓயா என்று வடக்கிலிருந்து தெற்காகவும் மேற்காகவும் அவை முறையே அமைந்துள்ளன. படம் வரைந்தவர் இவ்விடத்தில் எழுதுவதற்கு ஒன்றுமில்லையென்று விட்டுவிட்டார் போலும். ஆனால் எழுதுவதற்கு இவ்வளவு உள்ள நிலம் இலங்கையில் வேறு அதிகம் இல்லை என்பதை அவ்வழியே நடந்து சென்றவன் என்ற முறையில் இங்கே கூற விழைகின்றேன்.

இவ்வழி கதிர்காமத்துக்குச் செல்லும் பாதயாத்திரைப் பாதையின் கடைசிப் பகுதி. வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படுவோர் முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில் என்று கீழ்க்கரையோரமாக ஏறத்தாழ இரண்டு மாதம் நடந்து உகந்தையை அடைவர். மற்றையோர் உகந்தையில் வந்து கூடுவர். அங்கிருந்து கதிர்காமம் ஐந்து அல்லது ஆறு நாள் நடை. யாத்திரையின் பக்திச் சிறப்பைப் பற்றி இத்தகைய மலர்களில் அறிஞர் பலர் எழுதியுள்ளனர். அதனை நான் மீண்டும் எழுதப் புகவில்லை. பாதை கிடக்கும் நிலத்தைப் பற்றியே என் நாட்டம்.

முதலில் ஒரு செய்தி. இப்பாதையின் பெரும்பகுதி இன்று தேசிய வனங்களுக்குள் அடங்கியது. யால 1938ஆம் ஆண்டு தேசிய வனமாக்கப்பட்டது. அதற்கு வடக்கேயுள்ள பகுதி 1970இல் யால கிழக்கு என்ற பெயரோடு சேர்க்கப்பட்டு, 2006 முதல் குமண தேசிய வனம் என வழங்குகிறது. வனத்துக்குள் வாகனத்தை விட்டு இறங்கி நடப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை. ஆடித் திருவிழாவை ஒட்டி உகந்தையில் வாயில் திறக்கப்படும் இரண்டு கிழமை அளவான காலம் ஒன்றே விதிவிலக்கு. ஆகவே இந்த ஆற்றுப் பள்ளத்தாக்குகளைச் சாதாரண மனிதன் காலால் அளந்து அறிவதற்கு ஆண்டில் கிடைக்கும் ஒரே தருணம் அதுதான். ஆராய்ச்சியாளர் அனுமதி பெற்று வண்டியில் செல்வர். கையில் தடியும் தலையில் மூட்டையுமாகச் செல்லும் யாத்திரிகனோ அரசர் நடந்த வழியில் அரசர் நடந்த வேகத்திலேயே செல்கிறான்.

உகந்தைக்கு வருமுன், பாணமையில் ஒரு பொழுது தங்குவது நன்று. தமிழரும் சிங்களவரும் பல தலைமுறையாகக் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த ஊர் அது. மட்டக்களப்புப் பகுதியில் கண்ணகி வழக்காகிய கொம்பு விளையாட்டு, அங்கே பத்தினித் தெய்வத்துக்குரிய அங்கெலியவாக நடைபெறுகிறது. மொழி வேறானாலும், இரு கொம்புகளைக் கொளுவி இழுக்கும் வேலை ஒன்றே. பாணமைக்கும் உகந்தைக்கும் இடையில் குடும்பிகலை என்ற பாறைக்காடு இருக்கிறது. துறவியர் வாழ்ந்த குகைகள் நூற்றுக்கணக்கில் அங்கே சிதறிக் கிடக்கின்றன. குகை வாயிலின் மேல் மழைநீர் உள்ளே வழியாதபடி ஓர் ஓரம் வெட்டி விடப்பட்டிருக்கும். அதன் கீழே பிராமி எழுத்தில் யார் இதனைச் சங்கத்துக்கு அளித்தார் என்று பொறித்திருக்கும். இத்தீவின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகள் பெரும்பாலும் இத்தகையனவே. பாறையின் உச்சியில் உருளை வடிவான தூபி ஒன்று நிற்கிறது. நீர்க்குமிழி வடிவான தூபிகளையே கண்டு பழகிய கண்ணுக்கு அது புதுமையாயிருக்கும். இலங்கையில் அவ்வடிவில் வேறொன்று இல்லை என்பர்.

உகந்தை கடலோடு ஒட்டிய ஒரு பாறை மலை. கீழே முருகன் கோயில், மேலே வள்ளியம்மன் கோயில், பாறையிடுக்குகளில் சுனைகள். முருகப் பெருமான் கல்லோடத்தில் வந்து இறங்கிய இடம் இதுவென்பது ஐதிகம். ஐதிகத்தை வரலாறு என்று நான் கூற வரவில்லை. ஆனால் நன்னீர்ச் சுனையுள்ள மலை, கப்பல் ஒதுங்கக்கூடிய கரை, உள்நாட்டுக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இடத்தில் இறங்குதுறைக் கதை பிறப்பது இயல்பே.

உகந்தையைக் கடந்தால் வாகூர வெளி. பரந்த புல்வெளியும் உப்புநீர்க் களப்புகளும் மணல் மேடுகளும் மாறி மாறி வரும். அதற்கப்பால் கூமுனை. கும்புக்கன் ஓயாவின் நீர் ஊடறுத்து வந்து நிரப்பும் வில் ஒன்று அங்கே உண்டு; கண்ணாப் பற்றைகளில் நீர்ப்பறவைகள் கூடு கட்டும். பறவை பார்ப்பதற்கென்று இன்று பலரும் அங்கே செல்கின்றனர். ஆயின் கூமுனை பறவைகளின் ஊர் மட்டும் அன்று. மனிதரும் அங்கே வாழ்ந்தனர். வயல் செய்தும் சேனை வெட்டியும் தேன் எடுத்தும் பிழைத்த சிறு குடி அது. யாத்திரிகருக்கு நீரும் நிழலும் கொடுத்த கடைசி ஊரும் அதுவே. உள்நாட்டுப் போரின் காலத்தில் அவ்வூர் கலைந்தது. வனமும் 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது.

இனிக் கும்புக்கன் ஓயா. யாத்திரிகர் அதனைக் குமுக்கன் ஆறு என்பர். 'கும்புக்' என்ற சிங்களச் சொல் நம்முடைய மருத மரத்தைக் குறிப்பது. எனவே இது மருத மரத்து ஆறு. பெயர் பொய்யில்லை, இரு கரையிலும் வெள்ளைப் பட்டையோடு பருத்த மருதுகள் ஆற்றின் மேல் சாய்ந்து நிற்கின்றன. அயற்காட்டிலுள்ள பாலையும் வீரையும் இரு மொழியிலும் ஏறக்குறைய ஒரே பெயர் உடையன. ஆடியில் பாலைப்பழம் பழுக்கும். பழம் தின்ன வரும் கரடியை நினைத்து அந்திக்குப் பின் எவரும் தனியே விலகிச் செல்வதில்லை.

ஊவா மலைகளில் பிறந்து நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல் ஓடிவரும் இவ்வாறு, ஆடி மாதத்தில் பெரும்பாலும் மணலாகவே கிடக்கும். முதன்முறை சென்ற நான் மணலைக் கண்டு மலைத்து நின்றேன். எம்மோடு வந்த மட்டக்களப்பு மூதாட்டி ஒருவர், சிரட்டை ஒன்றை என்னிடம் நீட்டினார். "கனக்கக் கிண்டாத மனே, ஒரு முழம் காணும். ஊறவிட்டு அள்ளு" என்றார். ஒரு முழம் கிண்டியதும் மணலின் அடியில் நீர் கசிந்து, கலங்கல் தெளிந்து, குளிர்ந்து நின்றது. நாற்பது ஆண்டுக்கு மேல் அவர் இவ்வழி நடந்தவர். இந்தப் பள்ளத்தாக்குகளில் மனிதர் எப்படி வாழ்ந்தனர் என்று நூல்களில் பல பக்கம் படித்தும் எனக்கு விளங்காதிருந்தது அந்த ஒரு சிரட்டை நீரில் விளங்கியது. மாரியில் ஆறு கரைபுரளும். கோடையில் மணலுக்குள் மறையும். மறையும் நீரை நிறுத்தி வைக்கக் குளம் கட்டியவன் பயிர் செய்தான். குளம் உடைந்தபோது குடி எழுந்து போயிற்று. உருகுணை நாட்டின் வரலாற்றைச் சுருக்கினால் இவ்வளவே.

இந்த ஆற்றின் அயலில், காட்டுக்குள்ளே, போவத்தகலை என்ற பாறைத்தொகுதி இருக்கிறது. யாத்திரைப் பாதை அதனைத் தொட்டுச் செல்வதில்லை. ஆயினும் இந்நிலத்தைப் பற்றிப் பேசுவோன் அதனை விட்டுச் செல்லல் ஆகாது. அங்குள்ள பிராமிக் கல்வெட்டுகள் கிறித்துவுக்கு முற்பட்டவை. பேராசிரியர் சேனரத் பரணவிதான 1970இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதியில் அவை இடம்பெற்றுள்ளன. குகைகளை அளித்தோர் தம்மைப் 'பத்து உடன்பிறந்தார்' என்னும் அரச குலத்தின் வழியினராகக் கூறிக்கொள்கின்றனர். எழுத்தின் அருகே மீன் உருவமும் வெட்டப்பட்டிருக்கிறது.

பத்து உடன்பிறந்தார் என்போர் யாவர்? தாதுவம்சம் என்ற பாளி நூலிலே கதிர்காமத்துப் பத்துச் சகோதர அரசரைப் பற்றிய குறிப்பு வருகிறது. மாகமையிலிருந்து ஆண்ட கோதாபயன், அதாவது காவந்தீசனின் தந்தை, துட்டகைமுனுவின் பாட்டன், அப்பதின்மரையும் கொன்று நாட்டைத் தனதாக்கிக்கொண்டான் என்றும், அப்பாவம் தீர விகாரைகள் பல எடுத்தான் என்றும் அந்நூல் கூறும். நூலில் இருப்பது வென்றவன் கதை. பாறையில் இருப்பது தோற்றவர் பெயர். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான், துட்டகைமுனுவுக்கு முந்திய உருகுணை ஒரே முடியின் கீழ் இருந்த நாடன்று, ஆற்றுக்கு ஆறு தனித்தனிக் குலங்கள் ஆண்ட நாடு என்பது புலனாகும். கும்புக்கன் ஓயா ஒரு குலத்துக்கு, கிரிந்தி ஓயா இன்னொரு குலத்துக்கு. மீன் உருவத்தைப் பாண்டியரோடு தொடர்புபடுத்திக் கருதியோர் உளர். அது ஏற்கத்தக்கதா என்பது வேறு கேள்வி. ஒரு மீனைக் கண்டவுடன் 'நம்மவர்' என்று துள்ளுவதும், அப்படிச் சொல்வோரைக் கண்டவுடன் மற்றப் பக்கத்தார் சினப்பதும் நம் நாட்டில் வரலாறு படிக்கும் முறையாகிவிட்டன. மீன் யாருடையதென்று பாறை சொல்லவில்லை.

கதிர்காமம் என்ற பெயர் மகாவம்சத்தில் வரும் இடம் இன்னும் சிறப்புடையது. தேவநம்பிய தீசன் காலத்தில் சங்கமித்தை கொணர்ந்த வெள்ளரசுக் கிளையை அனுராதபுரத்தில் நட்டபோது கதிர்காமத்துச் சத்திரியரும் சந்தனகாமத்துச் சத்திரியரும் வந்திருந்தனர் என்று அந்நூல் கூறும். பின்னர் அதில் முளைத்த எட்டுக் கன்றுகள் எட்டு இடங்களில் நடப்பட்டன. அப்பட்டியலில் ஒன்று சம்புகோளம், ஒன்று கதிர்காமம். சம்புகோளம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள சம்பில்துறை என அறிஞர் கொள்வர். தொண்டைமானாற்றிலிருந்து வருவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். குடாநாட்டு வடகரைக்கும் கதிர்காமத்துக்கும் இடையே அவர்கள் இரண்டு மாதம் நடந்து இணைக்கும் கோட்டினை, இரு முனைகளோடும் ஒரே பட்டியலில், 5ஆம் நூற்றாண்டுக்குரிய பாளி நூல் ஒன்று குறித்து வைத்திருக்கிறது. அக்காலத்தும் அவ்வழியே மனிதர் நடந்தனர் என்று இதனைக் கொண்டு நிறுவ முடியாது. ஆனால் ஒரு முனையை மற்றை முனை அறிந்திருந்தது.

குமுக்கன் ஆற்றைக் கடந்தபின் நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்பன தங்குமிடங்கள். இவை எல்லாம் யாத்திரிகர் வாயில் வாழும் பெயர்கள். நாவல் மரம் நின்ற இடம் நாவலடி; வேறு விளக்கம் வேண்டுவதில்லை. பெயரிட்டவர் யாரென்று எவருக்கும் தெரியாது. பெயர் மட்டும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான வாய்களில் புதுப்பிக்கப்படுகிறது. நடை இங்கே கடினமானது. வெயில் கொடிது, நீர் அரிது, முட்புதர் வழியை நெருக்கும். காலையில் நான்கு மணிக்கே எழுந்து, வெயில் ஏறுமுன் பாதித் தூரத்தை முடித்துவிடுவோர் பிழைத்தனர். நான் முதல் நாள் அவ்வாறு செய்யாமல் குதிகால் பொக்களித்து, இரண்டு நாள் மற்றவருக்குப் பாரமாயிருந்தேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இந்தக் காட்டில் ஏன் ஊர்கள் இல்லை? நடக்கும்போது அடிக்கொருதரம் எழும் கேள்வி இதுவே. ஏனெனில் காலடியில் ஊர்கள் இருந்ததற்கு அடையாளங்கள் கிடக்கின்றன. செங்கல் துண்டு, கற்றூண், உடைந்த அணைக்கட்டு, காடேறிய தூபி. தெற்கே சித்துல்பவ்வை, பழைய நூல்களில் சித்தலபப்பதம் எனப் பெயர் பெற்றது, துறவியர் திரளாக வாழ்ந்த பெருநிலையம். வடக்கே இலகுகலையில் மகுல் மகா விகாரையின் இடிபாடுகள் நிற்கின்றன. அங்குள்ள 14ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு அரசி ஒருத்தி அதனைப் புதுப்பித்த செய்தியைத் தருகிறது. மக்கள் இல்லாத இடத்தில் விகாரை இல்லை. வயல் இல்லாத இடத்தில் மக்கள் இல்லை.

13ஆம் நூற்றாண்டுக்குப் பின் வறண்ட நாட்டின் குளங்கள் பலவும் பேணுவாரின்றி உடைந்தன என்பது பொதுவாகக் கூறப்படும் விடை. போர், அரச மையம் தென்மேற்குக்கு நகர்ந்தமை, மலைக்காய்ச்சல் என்று காரணங்கள் பலவாகச் சொல்லப்படும். உருகுணையைப் பொறுத்தவரை அது முழு விடையன்று. சோழராட்சி பொலநறுவையில் நிலைத்திருந்த 11ஆம் நூற்றாண்டிலும் இப்பக்கத்துத் தலைவர் சிலர் கதிர்காமத்தில் இருந்துகொண்டே எதிர்த்து நின்றனர் என்று சூளவம்சம் கூறும். ஒதுங்கி நிற்போர்க்கு ஒதுக்கிடமாக இந்நிலம் நெடுங்காலம் பயன்பட்டது. அதனாலேயே அதற்கு இறுதி அடியும் விழுந்தது.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. இரண்டே ஆண்டில், 1817இல், ஊவா வெல்லசையிலே கிளர்ச்சி மூண்டது. கண்டி நாயக்கர் குலத்துத் துரைசாமி தானே என்று சொல்லி வில்பாவை என்பவர் இப்பகுதியில் தோன்றினார். கதிர்காமத் தெய்வம் தம்மை அரசனாகத் தெரிந்ததாக அவர் கூற, மக்கள் நம்பினர். அடக்குவதற்கு அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொலை திசாவையே கிளர்ச்சியாளரோடு சேர்ந்துகொண்டார். 1818 நவம்பரில் கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். கிளர்ச்சியை அடக்க ஆங்கிலப் படை கையாண்ட வழி, வீட்டையும் நெல்லையும் எரித்தல், கால்நடையைக் கொல்லுதல், குளங்களையும் வயல்களையும் பாழாக்குதல் ஆகியன. வெல்லசை என்ற பெயருக்கு இலட்சம் வயல் என்பது பொருள். அப்பெயரை அதன்பின் கேட்போருக்கு அது ஏளனம் போல் ஒலித்திருக்கும். மறு ஆண்டில் அப்பக்கம் சென்ற மருத்துவர் யோன் டேவி, 1821இல் வெளியான தம் நூலில் கதிர்காமம் நலிந்து கிடந்த நிலையை எழுதியுள்ளார்.

ஆக, இந்தக் காட்டை 'ஆதிகாலந்தொட்டு மனிதன் கால்படாத காடு' என்று சுற்றுலாப் பத்திரங்கள் எழுதுவது தவறு. இது மனிதன் விட்டுச் சென்ற காடு. சில இடங்களில் விரட்டப்பட்டு விட்ட காடு.

காட்டில் ஊர் விழுங்கப்படுவதை நேரில் கண்டு எழுதியவர் ஓர் ஆங்கிலேயரே. இலெனாட் வூல்ஃப் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்தார். வாந்திபேதிக்கு அஞ்சிய அரசாங்கம் கதிர்காம யாத்திரையைக் கட்டுப்படுத்திவந்த காலம் அது. 1910ஆம் ஆண்டுத் திருவிழாவை அவரே தங்கியிருந்து மேற்பார்வை செய்தார். நாடு திரும்பிய பின் 1913இல் அவர் வெளியிட்ட நாவலில், ஒரு கிராமம் வீடு வீடாகக் காட்டுக்கு இரையாகிறது. அதில் வரும் பெரகம என்ற தலம் கதிர்காமமே. அதிகாரியாக இருந்தபோது யாத்திரிகரை எண்ணிக் கணக்கெழுதியவர், எழுத்தாளராக ஆனபின் அவர்கள் ஏன் நடக்கின்றனர் என்று வினவினார். ஆட்சிக் குறிப்பையும் நாவலையும் ஒருங்கு வைத்துப் படிக்கும் இளைஞருக்கு அரசாங்க உத்தியோகம் பற்றியும் சில உண்மைகள் தெரியவரும்.

மாணிக்க கங்கையை யாலையில் கண்டபோது, அதன் நீர் முழங்காலளவே ஓடியது. ஆயினும் ஓடுகிற நீர்! நான்கு நாளாக மணல் கிண்டிக் குடித்த கூட்டம் ஆற்றில் இறங்கிய ஆரவாரத்தை எழுத்தில் கொணர இயலாது. மூதாட்டி சிரட்டையைக் கழுவி மூட்டையில் வைத்துக்கொண்டார். "திரும்பி வரக்குள்ள வேணும்" என்றார். திரும்புவது எல்லோரும் பேருந்திலேதானே என்றேன். "நான் சொன்னது வாற வருசத்த" என்றார்.

1983க்குப் பின் யாத்திரை நின்று, 1988இல் ஒரு சிறு கூட்டம் மீண்டும் நடந்ததை அவர் சொல்லிக் கேட்டேன். அந்த இடைக்கால ஆண்டுகளில் தாம் மண்டூர் வரை மட்டும் நடந்து திரும்பியதாகக் கூறினார். இன்று உகந்தை வாயிலில் பல்லாயிரவர் கூடுகின்றனர். கூட்டம் பெருகியதோடு பிளாத்திக்குப் போத்தலும் பொலித்தீன் பையும் பெருகியுள்ளன. தண்ணீர்த் தாங்கி கொண்டுவந்து வைக்கும் தொண்டர் பலர் உளர். அவர்தம் பணி பெரிது. வெற்றுப் போத்தலை மீண்டும் சுமப்பவர் சிலரே. ஆற்று மணலில் நாம் கிண்டும் ஊற்றிலேயே மாலையில் யானை வந்து நீர் குடிக்கிறது; அடுத்த முறை ஊற்றில் பொலித்தீன் முதலில் கையில் படுகிறது. வாயிலை எந்நாளில் திறப்பது, எத்தனை நாள் திறப்பது என்று ஆண்டுதோறும் பேச்சு எழும்போது, வனத்தைக் காக்க வேண்டியோர் இதனை எடுத்துக்காட்டினால் நாம் மறுமொழி சொல்ல இடமில்லை.

மேற்கே கிரிந்தி ஓயாவின் கரையில் திசமகாராமை, பழைய மாகமை. நேரம் உள்ளவர் கதிர்காமத்திலிருந்து ஒரு நாள் அங்கே சென்றுவரலாம். 1992 முதல் செருமானிய அறிஞர் அங்கே அகழ்ந்தனர். அகழ்வில் கிடைத்த தட்டையான கறுப்புச் சிவப்பு மட்கலமொன்றின் ஓட்டில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் காணப்பட்டன. காலம் ஏறத்தாழ கி.மு. 200 என்று அகழ்ந்தோர் கூறினர். ஐராவதம் மகாதேவன் 2010இல் அதனைத் 'திரளி முறி' எனப் படித்து, அவையோரின் உடன்படிக்கை என்று பொருள் கூறினார். அவ்வாசிப்பை ஏற்காத அறிஞரும் உண்டு. துட்டகைமுனுவின் குலநகரில், அவன் காலத்துக்கு ஏறத்தாழ ஒத்த காலத்தில், தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் சோற்றுக்கலத்தில் ஏதோ எழுதியிருக்கிறார். வணிகரா, குயவரா, விருந்தினரா? யாராயினும் அவர் அங்கே பகைவராக இருந்தார் என்று கொள்ள ஒரு சான்றும் இல்லை.

திரும்பும் பேருந்து புத்தளை, மொனராகலை, சியம்பலாண்டுவை வழியாகப் பொத்துவிலுக்குச் செல்கிறது. ஐந்தாறு நாள் நடந்த தூரத்தை ஒரு பிற்பகலில் சுற்றிக் கடந்துவிடும். மொனராகலைக்கு அப்பால் வீதியின் இரு மருங்கும் வெல்லசையின் வயல்கள். ஓரிடத்தில் கும்புக்கன் ஓயாவைப் பாலத்தின் மேல் கடந்தோம். அங்கே அது மலையடியில் நீரோடும் சிற்றாறு. மூதாட்டி யன்னலோரம் உறங்கிக்கொண்டிருந்தார், எழுப்பிக் காட்டினேன். ஒருகணம் பார்த்துவிட்டு, "இஞ்ச தண்ணி மேல கிடக்கு" என்று சொல்லி, மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.